மூலநிரலும் முந்நூறு மடல்களும்

தீவில் வாழ்வோர் மடலை எதிர்நோக்கும் விதமே வேறு. பெருநிலத்தில் தபால்காரர் நாள்தோறும் தெருவில் வருவார். வராத நாளில் அதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. இங்கோ, ஒரு காலத்தில் கப்பல் வந்தால்தான் கடிதம். செல்லுலார் சிறையில் அடைபட்டுக் கிடந்த அரசியல் கைதிகளுக்கு ஆண்டுக்கு ஒரு மடல் எழுதவே இசைவு இருந்ததென்று படிக்கிறோம். பின்னாளில் பிழைப்பு நாடி இங்கு வந்து குடியேறிய நம் மூத்தோருக்கு அத்தகைய தடை ஏதுமில்லை. ஆயினும் சென்னையிலிருந்து மூன்று நாள் கடல்வழி இடையில் கிடந்தது. டெலானிபூரில் எங்கள் தெருவில் இருந்த முதியவர் ஒருவர், "சாத்தாமில் கப்பல் ஊதும் ஒலி கேட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது, ஊரிலிருந்து நல்ல சேதியா கெட்ட சேதியா என்றே மனம் அடித்துக்கொள்ளும்" என்று கூறுவார்.

1971 ஆம் ஆண்டு ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதல் மின்மடலை அனுப்பினார். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று திறந்துவிடப்பட்டது. தீவுகளுக்கு அது வந்தபோது விண்வழியாக வந்தது. அதாவது, செயற்கைக்கோள் வழியாக. அதனைப் பயன்படுத்தியவர்களுக்கு அதன் நடை தெரியும். ஒரு பக்கம் திறப்பதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம். மழைமேகம் கூடிவிட்டால் அதுவும் இல்லை. இணையப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே மடலைப் படித்து, அங்கேயே விடை எழுதுவதெல்லாம் சென்னைவாசிகளுக்கு உரிய ஆடம்பரம். எங்களுக்குப் பொருந்தியது மற்றொரு முறை. கணினியிலேயே ஒரு மின்னஞ்சல் மென்பொருளை நிறுவி வைத்துக்கொள்வது. இணைப்பு உயிரோடு இருக்கும் ஐந்து நிமிடத்தில் வந்த மடல்களை எல்லாம் அது இறக்கி வைத்துவிடும். பிறகு இணைப்புப் போனால் போகட்டும், ஆற அமரப் படித்து விடை எழுதி வைக்கலாம். மறுநாள் இணைப்பு வரும்போது அவை புறப்படும்.

அலுவலகத்தில் தபால் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இம்மென்பொருளை விளக்க வேண்டியதே இல்லை. வந்த தபாலுக்கு டைரி எண் போடுகிறோம். உரிய கோப்பில் சேர்க்கிறோம். போகும் தபாலைப் பதிந்து அனுப்புகிறோம். இதுவும் அதையே செய்கிறது. நான் பயன்படுத்தியது சில்ஃபீட் என்னும் மென்பொருள். ஜப்பானியரான ஹிரோயுகி யமமோட்டோ என்பவர் எழுதி, 2000 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வந்தது. சிறியது, விரைவானது, பழைய கணினியிலும் ஓடுவது. அது மடல்களை வைக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வேறு சில மென்பொருள்கள் ஓர் உறையில் வந்த மடல்களை எல்லாம் ஒரே நீண்ட கோப்பாகத் தைத்துவிடும். சில்ஃபீட் அவ்வாறு செய்யாது. ஒரு மடலுக்கு ஒரு தனிக் கோப்பு, 1, 2, 3 என்று எண், அவ்வளவே. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவான முறை இது. எந்தக் காகிதமும் தனித்தாளாக இருக்க வேண்டும், எண்ணிட்டிருக்க வேண்டும் என்பது எழுத்தர் மனத்துக்கு உகந்த ஒழுங்கன்றோ?

அந்த உறைகளில் ஒன்றில் என் அண்ணனின் மடல்கள் இருந்தன. மொத்தம் 312.

ஆழிப்பேரலை அடித்து ஓய்ந்த சில மாதங்களில், 2005 ஆம் ஆண்டு, மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக நான் இங்கு வந்து சேர்ந்தேன். அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். மதுரையில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்து வந்தார். தீவு என்றதும் வீட்டில் அனைவரும் அஞ்சினர், அவர்தாம், "போய் வா, வாரம் ஒரு மடல் எழுதுவேன்" என்று கூறி அனுப்பினார். ஏறக்குறைய சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் எனலாம். மாலையில் வேலை முடிந்தபின், அச்சகக் கணினியிலேயே உட்கார்ந்து தட்டச்சிடுவார். ஊர்ச் செய்தி, கண்மாய் நிறைந்தது, இன்னார் மகளுக்கு வரன் அமைந்தது, அன்று அச்சிட்ட திருமண அழைப்பில் கண்ட பிழை, படித்த புத்தகம் என்று எல்லாம் அதில் இருக்கும். கையால் எழுதும் வழக்கம் அவருக்கு நாளடைவில் விட்டுப்போயிற்று. பகலெல்லாம் பிறருடைய சொற்களைத் தட்டச்சிட்ட விரல்களுக்கு மாலையில் கிடைத்த சொந்தப் பேச்சு அம்மடல்கள்தாம் என்று இப்போது தோன்றுகிறது.

2017 இல் அவர் காலமானார். அச்சகமும் மூடப்பட்டு, அதன் பழைய கணினிகள் காயலான் கடைக்குப் போயின. 2019 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அவர் மகளுக்குத் திருமணம் நிச்சயமான செய்தியைச் சொல்ல அண்ணி தொலைபேசியில் அழைத்தார். எல்லாம் பேசி முடித்தபின் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பிள்ளை அப்பா எழுதினது ஏதாவது இருக்கா என்று கேட்கிறாள். வீட்டில் மளிகைக் கணக்குத் தவிர ஒன்றும் இல்லை. உங்களுக்கு எழுதினதுதான் மிச்சம்."

என் பழைய கணினி அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே செயலிழந்துவிட்டது. தீவின் உப்புக்காற்றில் கணினிக்கு ஆயுள் குறைவு. நல்வேளையாக அதன் வன்தட்டு பிழைத்தது. புதிய கணினியில் அதைச் சேர்த்துப் பார்த்தேன். 312 கோப்புகளும் எண் மாறாமல் இருந்தன. மின்னஞ்சல் மென்பொருளில் திறந்தபோது, 2009 க்குப் பிற்பட்ட 140 மடல்கள் தெளிவாகத் தெரிந்தன. மற்றவை எல்லாம் மேலே புள்ளியும் கீழே வாலும் கொண்ட ஐரோப்பிய எழுத்துகளின் குவியல்.

இதன் காரணம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்ததே. ஆயினும் இளையோருக்காகச் சிறிது விரித்துரைக்கிறேன். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எண் எந்த எழுத்து என்பது மனிதர் செய்துகொள்ளும் உடன்பாடு. தமிழுக்கு அவ்வுடன்பாடு நெடுங்காலம் அமையவில்லை. ஒவ்வோர் எழுத்துரு வணிகரும் தத்தம் விருப்பப்படி எண் வைத்துக்கொண்டனர். ஒருவர் எழுதியதைப் படிக்க அவருடைய எழுத்துருவே வேண்டும். இந்த அவலத்தைத் தீர்க்க 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்மடல் வழியாகவே கலந்து பேசி உருவாக்கியது திஸ்கி என்னும் குறிமுறை. 1999 இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு வேறு இரண்டை ஏற்றது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1991 இல், உலக மொழிகள் அனைத்துக்குமான யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. தமிழக அரசு அதனை முறைப்படி ஏற்றது 2010 இல்தான்.

அண்ணன் இந்தக் காலங்கள் மூன்றையும் கடந்து எழுதியவர். முதலில் அச்சகத்தின் சொந்த எழுத்துரு. பிறகு மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் கிடைத்ததும் திஸ்கிக்கு மாறினார். பிறகு யூனிகோடு. அந்நாளில் திஸ்கி மடலைப் படிக்க ஒரு தந்திரம் செய்வோம். மென்பொருளில் ஆங்கில எழுத்துருவுக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்துருவைப் பொருத்திவிடுவோம். கணினி தான் ஐரோப்பிய மொழி காட்டுவதாக எண்ணிக்கொள்ளும், நாம் தமிழ் படிப்போம். ஒருவகையில் வேடம். இன்றைய இயங்குதளங்கள் அந்த வேடத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

வேறுபாடு எண்ணில் மட்டும் இருந்திருந்தால் வேலை எளிது. திஸ்கி, தட்டச்சுப்பொறியின் வழி வந்தது. 'கெ' என்று எழுதக் கொம்பை முதலில் தட்டி, ககரத்தைப் பின்னர்த் தட்டுவோம் அல்லவா? திஸ்கியிலும் அதே வரிசை. கண் காணும் வரிசை அது. யூனிகோடோ தொல்காப்பியர் கட்சி: மெய் முன், உயிர் பின். ககரம் முதலில், கொம்பு அதன்பின். 'கொ' என்றால் கொம்பும் காலும் இருபுறமும் பிரிந்து நிற்பதை ஒன்றாகக் கூட்டிப் பின்னே கொண்டுபோக வேண்டும். வரிசையை மாற்றத் தெரியாத ஒன்று எண்ணை மட்டும் மாற்றினால், கொம்புகள் முந்தைய எழுத்தின் தலையில் ஏறிக்கொள்ளும்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வங்காளிக் குடும்பம். அவர்களுடைய மகன் அப்போது பொறியியல் பயின்று வந்தான். தீவு வழக்கப்படி நாங்கள் பேசிக்கொள்வது இந்தியில். அவனிடம் நிலைமையைச் சொன்னேன். அவன் ஒரு கட்டளையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், திஸ்கி என்ற பெயர் இந்தக் கணினிக்குத் தெரிகிறதே!" என்றான். உண்மைதான். குனூ இயங்குதளத்தின் அடிப்படை நூலகத்தில், குறிமுறைகளை மாற்றும் பகுதியில், உலகின் நூற்றுக்கணக்கான குறிமுறைகளுக்கிடையே திஸ்கியும் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. கொம்பை இடம் மாற்றும் நுட்பம் உட்பட. யாரோ எண்ணிப் பார்த்துச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சில்ஃபீட் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் அன்றோ அது வரும்? அழைப்பதற்கான பட்டியலில் ஜப்பானியம், கொரியம், சீனம், ருசியம், தாய்லாந்து மொழி எல்லாம் இருந்தன. அவன் பட்டியலைக் கீழ்வரை பார்த்துவிட்டுச் சிரித்தான். "உங்கள் தமிழும் இல்லை, எங்கள் வங்காளமும் இல்லை."

ஏன் கோப்புகளையே ஒட்டுமொத்தமாக மாற்றிவிடக் கூடாது என்று நண்பர் ஒருவர் கேட்டார். மடல்கள் பயணத்துக்கென வேறொரு பொதியிலும் சுற்றப்பட்டிருக்கும். அதைப் பிரிக்கத் தெரிந்தது மின்னஞ்சல் மென்பொருள். அதுவன்றி, வந்த காகிதத்தின்மேல் கைவைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. மூலப்பிரதி வந்தபடியே இருக்க வேண்டும். பார்ப்பதற்குத்தான் கண்ணாடி வேண்டும். ஆகவே மென்பொருளின் பட்டியலில் தமிழைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அதற்கு வழி ஒன்றே: மூலநிரலைப் பெற்று, திருத்தி, நாமே தொகுத்து நிறுவுவது.

இளைஞர்கள் 'சோர்ஸ் கோட்' என்று வழங்கும் மூலநிரலாவது, மனிதர் படிக்கும் மொழியில் எழுதப்பட்ட நிரல். கடையில் கிடைக்கும் மென்பொருள் சமைத்த சோறு. மூலநிரல், அரிசியும் அடுப்புக் குறிப்பும். பெரும்பாலான நிறுவனங்கள் சோற்றை விற்று, குறிப்பை மறைத்து வைக்கும். மறைக்கலாகாது, பெற்றவர் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டும் என்று 1983 இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தைத் தொடங்கினார். அவர் எழுதிய சி மொழித் தொகுப்பி 1987 இல் வெளிவந்தது. சில்ஃபீடும் அவ்வுரிமத்தின்கீழ் வந்ததே. யமமோட்டோவிடம் நான் அனுமதிக் கடிதம் எழ வேண்டியதில்லை. அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.

2018 இல் வெளிவந்த 3.7 ஆம் பதிப்பின் மூலநிரல் சில மெகாபைட்டுகளே. ஓர் இரவில் இறங்கிற்று. தண்டர்பேர்டு போன்ற பெரிய மென்பொருளாயின் நூற்றுக்கணக்கான மெகாபைட். அதை விண்வழி இணைப்பில் இறக்குவதற்குள் மணமகளுக்குப் பிள்ளையே பிறந்திருக்கும். சிறியதன் அருமை தீவில் தெரியும்.

பொதியைப் பிரித்ததும் முதல் படி 'கன்ஃபிகர்' என்னும் கட்டளை. இது ஓய்வூதியக் கோப்பைச் சரிபார்க்கும் பழுத்த எழுத்தரை ஒத்தது. தொகுப்பி உண்டா? உண்டு. கணித நூலகம் உண்டா? உண்டு. இப்படித் திரையில் வரிவரியாகக் கேட்டுக்கொண்டே போகும். ஒன்று இல்லையாயின் அங்கேயே நிற்கும், மேலே நகராது. எங்களுக்கு அது ஜிடிகே என்னும் நூலகத்தில் நின்றது. சாளரம், பொத்தான், பட்டியல் ஆகியவற்றை வரைந்து தருவது அது. அதைக் கேட்டால் அது வேறு நான்கைக் கேட்டது. அவை ஒவ்வொன்றும் வேறு சிலவற்றை. ஒரு நாளிரவுக்கு இரண்டு மூன்று என்று இறக்கினோம். அவற்றுள் ஒன்றின் பெயர் பாங்கோ. கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம். ஜப்பானியத்தில் 'கோ' என்றால் மொழி. எம்மொழி எழுத்தையும் உரிய வடிவில் அடுக்குவது அதன் பணி. யூனிகோடு வரிசையில் பின்னே நிற்கும் கொம்பைத் திரையில் மீண்டும் முன்னே கொண்டுவந்து நிறுத்துவது அதன் துறையே. ஆக, அண்ணன் முன்னே தட்டிய கொம்பு, ஒரு நூலகத்தால் பின்னே போய், மற்றொரு நூலகத்தால் முன்னே வருகிறது. கோப்பு மேலிடம் போய்க் கீழே வருவது போலத்தான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று இடங்களில் சில வரிகள் சேர்த்தான். பிறகு 'மேக்' என்னும் கட்டளை. 1976 இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கியது. நிரல் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தொகுப்பியிடம் கொடுத்து, இறுதியில் அனைத்தையும் இணைத்து ஒரு மென்பொருளாக்கும். பாதி வேலையில் மின்சாரம் நின்றது. எங்கள் தெருவில் அது புதிதன்று. எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று நான் கலங்க, அவன் கவலைப்படவில்லை. மின்சாரம் வந்தபின் அதே கட்டளையைத் தட்டினான். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எந்தக் கோப்பு முடிந்தது, எது அதன்பின் திருத்தப்பட்டது என்பதை நாள், நேரக் குறிப்பை ஒப்பிட்டு அறிந்து, எஞ்சியதை மட்டும் செய்யுமாம். இப்படி ஓர் உதவியாளர் என் பிரிவில் இருந்தால் நான் மாலை ஐந்தரைக்கு வீடு திரும்புவேன்.

இடையிடையே தொகுப்பி எச்சரிக்கைகளை அச்சிட்டது. இந்த முறை வழக்கொழிந்தது, அந்த மாறி பயன்படவில்லை என்று பக்கம் பக்கமாக. எனக்குத் தணிக்கை அறிக்கை நினைவு வந்தது. தணிக்கையிலும் இரண்டு உண்டு: குறிப்புரை, மறுப்புரை. குறிப்புரைக்கு விடை எழுதிக் கொடுத்தால் போதும். மறுப்புரை வந்தால்தான் பணம் நிற்கும். தொகுப்பியும் அவ்வாறே, எச்சரித்துக்கொண்டே வேலையை முடித்துவிடும், பிழை என்றால் மட்டும் நிறுத்தும். எங்களை அது இருமுறை நிறுத்திற்று. ஒன்று, புதிதாகச் சேர்த்த வரியின் இறுதியில் ஓர் அரைப்புள்ளி வேண்டியிருந்தது. மற்றொன்றுக்கு அவன் ஓர் இரவு முழுவதும் செலவிட்டான், அவன் கண்டுபிடித்ததை எனக்கு விளக்கவும் செய்தான், பி.ஏ. படித்த எனக்கு அது முழுதும் விளங்கிற்று என்று சொல்ல மாட்டேன்.

'மேக் இன்ஸ்டால்' என்று தட்டியதும் கோப்புகள் உரிய இடங்களில் போய் அமர்ந்தன. நிறுவுதல் என்பது அவ்வளவே. மென்பொருளைத் திறந்து, 87 ஆம் எண்ணுள்ள மடலைத் தேர்ந்து, குறிமுறைப் பட்டியலில் ருசியத்துக்கும் தாய்லாந்துக்கும் கீழே புதிதாக நின்ற திஸ்கியைத் தொட்டேன். புள்ளியும் வாலும் மறைந்தன. "அன்புள்ள தம்பிக்கு" என்று இருந்தது. அதற்குக் கீழே, மகள் பள்ளியில் திருக்குறள் ஒப்பித்து ஒரு பேனா பரிசு பெற்ற செய்தி. பேனாவை அவளே வைத்துக்கொள்ளாமல் அப்பாவின் சட்டைப்பையில் செருகிவிட்டாளாம். "கணினியில் தட்டுகிறவனுக்குப் பேனா எதற்கு என்று சொல்ல வாய் வரவில்லை, தினமும் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்" என்று எழுதியிருந்தார். வங்காளிப் பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். இந்தியில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவன் புரிந்துகொண்டு எழுந்து போனான்.

301 மடல்களை அச்செடுத்து, துளையிட்டு, நாடா கட்டி, பதிவுத் தபாலில் மதுரைக்கு அனுப்பினேன். ஆவணித் திருமணத்துக்கு இருபது நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. மணமகள் எதையும் சொல்லவில்லை. அந்தக் கட்டைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள் என்று அண்ணி தெரிவித்தார். அடுத்த ஆண்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னைக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடி ஒளியிழை வடம் திறக்கப்பட்டது. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நகரில் இணையப் பக்கத்திலேயே மடலைப் படிக்கிறார்கள், படம் பார்க்கிறார்கள். நான் அந்தச் சில்ஃபீடையே வைத்திருக்கிறேன். விரைவு வந்தபின்னும் மடல்கள் என் கணினியில் என் எண்ணோடு இருப்பதையே விரும்புகிறேன். என் மகன் இதைப் பழங்காலம் என்கிறான்.

எஞ்சியவை பதினொன்று: 2005 இல் வந்த முதல் மடல்கள், அச்சக எழுத்துருவில் உள்ளவை. அவ்வெழுத்துருவை அண்ணன் அந்நாளில் ஒரு குறுவட்டில் அனுப்பியிருந்தார். தீவின் ஈரத்தில் அவ்வட்டில் பூஞ்சை பூத்துவிட்டது. எந்தக் கணினி நூலகத்திலும் அதற்குப் பெயர் இல்லை. ஆனால் அண்ணன் எப்போதும் ஒரேவிதமாகவே தொடங்குவார். முதல் வரி "அன்புள்ள தம்பிக்கு". அடுத்து "நலம், நலமறிய ஆவல்". இவ்விரண்டு வரிகளிலிருந்து மட்டும் பதினைந்துக்கு மேற்பட்ட எழுத்துகளின் எண் தெரிந்துவிட்டது. அவற்றை வைத்துப் பாதி தெரியும் சொற்களை ஊகித்து, அவற்றிலிருந்து வேறு எழுத்துகளைப் பிடித்து, இரவு உணவுக்குப் பின் ஓர் அட்டவணை நிரப்பி வருகிறேன். இத்தகைய எழுத்துருக்களில் ஊகார எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் என்பதால் அவ்வரிசைதான் இழுக்கிறது. 'ளூ' இன்னும் அகப்படவில்லை. போன வாரம் இதை அண்ணியிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அந்த ஆனி மாதம் வெள்ளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தோம், தம்பி. அதை உங்களுக்கு எழுதாமல் இருந்திருக்க மாட்டார். ஜூன், ஜூலையில் வந்ததைப் பாருங்கள்" என்றார். ஜூலையில் வந்தவை இரண்டு. நான்காம் எண்ணை இன்றிரவு எடுக்கப்போகிறேன்.